இணையத்தைப் படித்துத் தானே விவரம் கற்கும் கணினி: அணைப் பட்டியலுக்குச் சரிப்படுமா?

கரையோரம் | இடுகை 1

தமிழ்நாட்டு அணைகளைப் பற்றி ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். எந்த அணை, எந்த ஆற்றின் குறுக்கே, எப்போது கட்டி முடித்தார்கள், முழுக் கொள்ளளவு எவ்வளவு, இவ்வளவுதான். உட்கார்ந்து தட்டினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் எனக்கு ஆசை வேறு. தமிழ்ச் செய்தித் தளங்களையும் விக்கிப்பீடியாவையும் கணினியே படித்து இதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

இந்த யோசனை வந்தது 'நெல்' என்ற ஆராய்ச்சியைப் படித்ததில். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட நிரல் அது. நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னர் என்பதன் சுருக்கம். இரவு பகலாக ஓடி, சுமார் 50 கோடி இணையப் பக்கங்களைப் படித்து, 'இது ஒரு நகரம்', 'இந்த வீரர் இந்த அணிக்கு ஆடுகிறார்' என்று விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. ஆரம்பத்தில் மனிதர்கள் கொடுத்தது 123 வகைகள், 55 உறவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 உதாரணங்கள்.

அதையே அணைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். 'மேட்டூர் – காவிரி', 'சாத்தனூர் – தென்பெண்ணை' என்று சில ஜோடிகளை விதையாகக் கொடுக்கிறோம். இரண்டு பெயரும் சேர்ந்து வரும் வாக்கியங்களை நிரல் தேடுகிறது. 'காவிரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள மேட்டூர் அணை' என்று ஓரிடத்தில் கிடைக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது '___ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள ___ அணை'. இந்த அச்சை வைத்துக்கொண்டு மறுபடி தேடினால் பவானியும் பவானிசாகரும் மாட்டும். அந்தப் புது ஜோடியை வைத்துத் தேடினால் இன்னொரு அச்சு. இப்படியே சுற்றிச் சுற்றிப் போகலாம்.

கேள்வி இதுதான்: தப்பாக ஒன்றைப் பிடித்துவிட்டால், தப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்?

நெல்லைச்சீமை | இடுகை 2

தலைப்பைப் பார்க்காமல் 'நெல்' என்ற சொல்லை மட்டும் பார்த்து உள்ளே வந்துவிட்டேன். குறுவைக்கு ரகம் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். வந்தது வந்தாயிற்று, ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

பழுப்புத்தாள் | இடுகை 3

தெரியாது, அதுதான் இந்தத் துறையின் பழைய வியாதி. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கலைக்களஞ்சியத்தை வைத்து இதைச் செய்து காட்டினார். நம் மொழியில் சொன்னால் 'மதுரை, திருச்சி, கோவை போன்ற நகரங்கள்' என்ற மாதிரி வாக்கியம் கண்ணில் பட்டால், 'போன்ற' என்பதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் நகரங்கள் என்று எடுத்துக்கொள்வது. அர்த்தம் புரியவே வேண்டாம், அச்சு போதும். 1998இல் செர்ஜி பிரின் (கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவர்) வெறும் 5 புத்தகங்களின் ஆசிரியர், தலைப்பு ஜோடிகளில் ஆரம்பித்து, நீங்கள் சொன்ன அதே சுற்று முறையில் 15,000 புத்தகங்களுக்கு மேல் எடுத்தார்.

இந்த முறையின் குணம், முதல் சில சுற்று அபாரமாக இருக்கும். அப்புறம் ஒரு தப்பு உள்ளே வரும். அந்தத் தப்பு ஒரு தப்பான அச்சைக் கொண்டுவரும், அந்த அச்சு நூறு தப்புகளைக் கொண்டுவரும். உங்கள் அணைக் கதையிலேயே பாருங்கள். 'காவிரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள' என்பதோடு 'அணை' வரைக்கும் பிடித்தால் பிழைத்தீர்கள். 'ஆற்றின் குறுக்கே ___' என்று அச்சைக் கொஞ்சம் தளர்த்தினால் பாலம், தடுப்பணை, ரயில் பாதை எல்லாம் வரும்.

நெல்லுக்கு நடந்தது பிரபலமான கதை. அடுமனைப் பண்டங்கள் என்று ஒரு வகை வைத்திருந்தார்கள். பிஸ்கட், கேக் எல்லாம் சரியாகச் சேர்த்துக்கொண்டு வந்தது. 'இன்டர்நெட் குக்கீஸ்' (இணையத் தளங்கள் நம் கணினியில் போட்டு வைக்கும் சின்னக் கோப்புகள்) என்று எங்கோ பார்த்தது. அதையும் பண்டம் என்று வைத்துக்கொண்டது. அப்புறம் 'குக்கீஸை அழித்தேன்' என்பது போன்ற வாக்கியங்களைப் படித்து, அழிக்கப்படுவதெல்லாம் பண்டம் என்று முடிவு கட்டி, கணினிக் கோப்புகளையும் அடுப்பில் ஏற்றிவிட்டது.

இதைத் தடுக்கத்தான் அவர்கள் வகைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டார்கள். நகரம் என்று ஏற்றுக்கொண்டதை ஆறு என்று ஏற்காதே. 'அணை – ஆறு' உறவில் வலப்பக்கம் வருவது ஆறு என்று தனியே தெரிந்திருந்தால்தான் ஏற்றுக்கொள். வாக்கிய அச்சு ஒரு பக்கம் கற்கும், பக்கங்களில் உள்ள பட்டியல், அட்டவணைகளைப் படிக்கும் பகுதி இன்னொரு பக்கம் கற்கும், சொல்லின் எழுத்து அமைப்பைப் பார்ப்பது வேறொன்று. ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். நெல்லில் எனக்குப் பிடித்தது இதுதான். 50 கோடிப் பக்கம் என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்படியும் சறுக்கியது. முதல் 67 நாளில் சுமார் 2,42,000 விவரங்கள் சேர்த்தது. மதிப்பிட்ட துல்லியம் 74%. அதைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம்: முதல் மூன்றில் ஒரு பங்கு சுற்றுகளில் 90%, நடுப் பங்கில் 71%, கடைசியில் 57%. இதை ஒளிக்காமல் அவர்களே கட்டுரையில் போட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

சுருக்குவழி | இடுகை 4

2010 கதையெல்லாம் இப்போது எதற்கு? ஒரு சாட்பாட்டிடம் 'தமிழ்நாட்டு அணைகள், ஆறுகள் அட்டவணை போடு' என்றால் அரை நிமிடத்தில் தந்துவிடுமே. அதுவும் இணையத்தைப் படித்துக் கற்றதுதானே.

கரையோரம் | இடுகை 5

கேட்டேன் நண்பரே. அட்டவணை அழகாகத்தான் வந்தது. ஒரு அணைக்குக் கட்டிய ஆண்டு சந்தேகமாக இருந்ததால் 'இது எங்கே படித்தாய்' என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு ஆண்டு தந்தது. மறுபடி கேட்டேன், மூன்றாவதாக ஒன்று. எனக்கு ஆண்டு மட்டும் போதாது, அந்த ஆண்டைச் சொன்ன வாக்கியமும் வேண்டும்.

பழுப்புத்தாள் | இடுகை 6

அதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். நெல் படித்ததைத் தனித்தனிச் சீட்டாக எழுதி வைத்தது. ஒவ்வொரு சீட்டிலும் எவ்வளவு நம்பிக்கை, எந்த வழியாக வந்தது என்பதும் இருக்கும். தப்பு என்றால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம், அதைக் கொண்டுவந்த அச்சையும் தூக்கலாம். இன்றைய மொழி மாதிரிகளுக்கு (சாட்பாட்டுக்குள் இருப்பது இதுதான்) அடுத்த சொல் என்ன என்று ஊகிக்கப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சியில் விவரங்களும் கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்து போகின்றன. எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. (இப்போது தேடுபொறியோடு இணைத்துச் சுட்டி தரும் வசதி வந்திருக்கிறது. அது தேடிப் படித்துவிட்டுச் சொல்வது, கற்றது அல்ல.)

2023இல் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். டாம் குரூஸின் தாயார் யார் என்று ஜிபிடி-4இடம் கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. அந்த அம்மாவின் பெயரைக் கொடுத்து 'இவருடைய மகன் யார்' என்று கேட்டால் தடுமாறியது. சீட்டாக எழுதி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் வரும்.

அதற்காக மொழி மாதிரிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. வாக்கியத்தைக் கையில் கொடுத்து 'இதில் அணை எது, ஆறு எது' என்று கேட்டால் பழைய அச்சு முறையைவிட நன்றாகவே பிரித்துத் தரும். படிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள், நினைவுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

டெல்டாக்காரன் | இடுகை 7

எல்லாம் சரி, நீங்கள் யாரும் மேகதாதுவை யோசிக்கவில்லை.

'காவிரி ஆற்றின் குறுக்கே மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அணை.' இந்த மாதிரி வாக்கியம் தமிழ்ச் செய்தித் தளங்களில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாத்தனூரைப் பற்றி ஒரு வரி இருந்தால் மேகதாதுவைப் பற்றி நூறு வரி இருக்கும். அறிக்கை, கண்டனம், தீர்மானம், உண்ணாவிரதம், உச்ச நீதிமன்றம். உங்கள் நிரல் படித்துவிட்டு, தமிழில் அதிகம் எழுதப்பட்ட காவிரி அணைகளில் ஒன்று மேகதாது அணை என்று அடித்துச் சொல்லும். ஆறு சரி, இடம் சரி, கொள்ளளவு சரி. வகைக் கட்டுப்பாடு எல்லாம் தாண்டிவிடும். ஒன்றே ஒன்றுதான் குறை: அங்கே அணை கிடையாது. கர்நாடகம் கட்டப் பார்க்கிறது, நாம் கூடாது என்கிறோம்.

எத்தனை முறை எழுதியிருக்கிறது என்று எண்ணி உண்மையை முடிவு செய்கிற எந்த முறையும் இதில் மாட்டும். இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நாம் அதிகம் சண்டை போடுகிறோம். சண்டை போடுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறோம்.

ரீஜெக்ஸ்_ராசு | இடுகை 8

அது அப்புறம். முதலில் தமிழில் வேர்ச்சொல்லைப் பிரிக்காமல் ஒன்றும் நடக்காது. மேட்டூரில், மேட்டூருக்கு, மேட்டூரிலிருந்து, மேட்டூரின்... எல்லாவற்றையும் வெட்டி 'மேட்டூர்' ஆக்குங்கள். அதே மாதிரி கட்டப்பட்ட, கட்டிய, கட்டப்பட்டுள்ள எல்லாவற்றையும் 'கட்டு' ஆக்கிவிட்டால் அச்சுகள் எண்ணிக்கை குறையும், வேலை சுலபம்.

டெல்டாக்காரன் | இடுகை 9

ராசு, பெயரை வெட்டுங்கள், வினையில் கை வைக்காதீர்கள். 'கட்டப்பட்டுள்ள அணை', 'கட்டப்படவுள்ள அணை'. இரண்டையும் 'கட்டு அணை' ஆக்கிவிட்டால் மேட்டூரும் மேகதாதுவும் ஒன்றாகிவிடும். 'கட்டக் கூடாது' என்பதும் அதே பைக்குள் விழும். அணை இருக்கிறதா இல்லையா என்ற சேதி முழுக்க அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது.

ரீஜெக்ஸ்_ராசு | இடுகை 10

அட, ஆமாம்ல. சரி, வினையை அப்படியே விட்டு, முடிந்தது, நடக்கப்போவது, மறுப்பு என்று மூன்று கொத்தாகப் பிரிக்கிறேன். இன்று இரவு ஸ்கிரிப்ட் போட்டு அனுப்புகிறேன்.

நூலகத்தங்கை | இடுகை 11

எண்ணிக்கை பற்றி டெல்டாக்காரன் அண்ணன் சொன்னதோடு இன்னொன்று சேர்க்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓரன் எட்சியோனி குழு 2004, 2005 வாக்கில் 'நோஇட்ஆல்' என்று ஒன்று செய்தது. தேடுபொறியில் எத்தனை பக்கம் அப்படிச் சொல்கிறது என்று எண்ணி நம்பகத்தன்மையை மதிப்பிடும். பல பேர் தனித்தனியாகச் சொன்னால் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற நியாயம். நியாயம் சரிதான், 'தனித்தனியாக' என்ற சொல் உண்மையாக இருக்கும்வரை.

2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கோவாட்டி என்ற விலங்கின் பக்கத்தில் 'இதற்குப் பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் பெயர்' என்று சேர்த்துவிட்டார். கோவாட்டி தென் அமெரிக்காவில் திரியும் ரக்கூன் குடும்பத்துப் பிராணி, ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவில் கறையான் தின்பது. சம்பந்தமே இல்லை. ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்தப் பெயரை எழுதின, ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலில்கூட வந்தது. கடைசியில் விக்கிப்பீடியாவிலேயே ஒரு பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்டினார்கள். 2014இல்தான் கதை வெளியே வந்தது. எண்ணினால் பத்துச் சாட்சி, விசாரித்தால் ஒரே ஆள்.

நம் செய்தித் தளங்களில் இது இன்னும் மோசம். ஒரே ஏஜென்சிச் செய்தி எழுத்து மாறாமல் எட்டுத் தளங்களில் இருக்கும், எழுத்துப்பிழை உட்பட. அதை எட்டு என்று எண்ணக் கூடாது, ஒன்று. அச்சு அசலாக ஒரே பத்தி இருந்தால் ஒரே சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள்காரர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். 280 கோடி விவரங்களை இணையத்திலிருந்து எடுத்து, அதை வைத்து 11.9 கோடிப் பக்கங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிட்டார்கள். அதில் ஒரு நல்ல யோசனை: பக்கம் தப்பாக எழுதியிருந்ததா, நம் நிரல் தப்பாகப் படித்ததா, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு வைப்பது. நாம் பெரும்பாலும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கரையோரம் | இடுகை 12

இது பிரமாதம். மேகதாது விஷயத்தில் பக்கங்கள் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கின்றன, படிக்கிறது மட்டும்தான் தப்பு. ஆர்ட்வார்க்கில் நேர்மாறு.

சரி, இன்னொரு தலைவலி. முல்லைப்பெரியாறு. 'நீர்மட்டம்' என்று தேடினால் 152 அடி, 142 அடி, 136 அடி மூன்றும் வருகின்றன. எதை எடுப்பது?

பழுப்புத்தாள் | இடுகை 13

மூன்றும் உண்மை. அணையின் முழு நீர்த்தேக்க மட்டம் 152. 1979இல் பாதுகாப்பைக் காரணம் காட்டி 136ஆகக் குறைத்தார்கள். 2006இலும் மறுபடி 2014இலும் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. 'ஒரு அணைக்கு ஒரு நீர்மட்டம்தான்' என்று விதி எழுதினால் நிரல் இரண்டைத் தூக்கி எறிந்துவிடும், எதை எறியும் என்பது அதிர்ஷ்டம். விவரத்தோடு காலமும் சேர்த்து எழுத வேண்டும், எந்த அர்த்தத்தில் அந்த எண் என்பதும் வேண்டும். மேட்டூருக்கும் இதே கதை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது நிலையானது. 'மேட்டூர் அணை நீர்மட்டம்' என்று தினம் வருவது அன்றைய மட்டம். ஜூன் மாதம் ஓட்டினால் ஒரு விடை, ஐப்பசியில் ஓட்டினால் வேறு விடை.

முல்லைப்பெரியாற்றில் இன்னொரு கண்ணி வெடியும் உண்டு. அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், 1886 குத்தகை ஒப்பந்தப்படி இயக்குவது தமிழ்நாடு. 'மாநிலம்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் சண்டைதான். இரண்டு கட்டம் வையுங்கள்.

நெல்லைச்சீமை | இடுகை 14

கணினி குழம்புவது இருக்கட்டும், இதில் இரண்டு மாநிலமே குழம்பிக் கிடக்கிறது.

ரீஜெக்ஸ்_ராசு | இடுகை 15

பழுப்புத்தாள் சார் சொன்ன 'நகரம் என்றால் ஆறு இல்லை' விதியும் நம் ஊரில் உடைகிறது. பவானி ஆறு, பவானி ஊர். அமராவதி நம் பக்கம் ஆறும் அணையும், ஆந்திராவில் ஊர். வைகை ஆறு, அணை, எக்ஸ்பிரஸ் ரயில். ஊர் என்று முதலில் பிடித்துக்கொண்டால் பவானி ஆற்றைக் காலம் முழுக்க ஏற்காது.

பழுப்புத்தாள் | இடுகை 16

நெல்லிலும் ஆரம்பத்தில் இதே குறைதான், எழுத்து ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று வைத்திருந்தார்கள். 2011இல் மிட்செலும் அவருடைய மாணவரும் பெயரையும் பொருளையும் பிரிக்கும் பகுதியைச் சேர்த்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 'பவானி#ஆறு', 'பவானி#ஊர்' என்று கையாலேயே பிரித்து வையுங்கள். தமிழ்நாட்டில் இப்படி இருப்பவற்றை ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

நூலகத்தங்கை | இடுகை 17

ஒரு சந்தேகம் கரையோரம் அண்ணா. 'காவிரியின் குறுக்கே கட்டப்பட்டுள்ள மேட்டூர் அணை' என்ற வாக்கியம் தமிழ்ச் செய்தியில் உண்மையிலேயே எத்தனை தடவை கிடைத்தது? நான் தேடியவரை 'மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி' என்றுதான் வருகிறது. எந்த ஆறு என்று எவரும் எழுதுவதில்லை, சேலத்துக்காரருக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்ன?

2013இல் கார்டன், வான் டர்ம் என்ற இருவர் இதைப் பற்றியே எழுதினார்கள். மனிதர்கள் எல்லோருக்கும் தெரிந்ததை எழுத மாட்டார்கள், அசாதாரணத்தைத்தான் எழுதுவார்கள். அதனால் எழுத்தை மட்டும் எண்ணினால், மனிதர்கள் மூச்சு விடுவதைவிடக் கொலை அதிகம் செய்கிறார்கள் என்று கணினி நினைக்கும். இட்லி வெள்ளை என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? கேழ்வரகு இட்லி பழுப்பு என்றுதான் எழுதுவார்கள்.

கரையோரம் | இடுகை 18

சரியாகப் பிடித்தீர்கள். செய்தித் தளத்தில் பெரிய அணைகளுக்குத்தான் அந்த வாக்கியம் அரிது. சின்ன அணைகளுக்கு நிறையக் கிடைக்கிறது, ஏனென்றால் வாசகருக்குத் தெரியாது என்று நிருபரே விளக்கிவிடுகிறார். மேட்டூர், வைகைக்கு விக்கிப்பீடியாவும் போட்டித் தேர்வுத் தளங்களும்தான் கதி. தேர்வுத் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுபவை, எல்லாம் சேர்த்து ஒரே சாட்சி என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இதுவரை பேசியதில் என் முடிவு: அச்சு முறை வேண்டாம், வாக்கியத்தை மட்டும் திரட்டி, மொழி மாதிரியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். ஒவ்வொரு வரிக்கும் மூல வாக்கியம், பக்கத்தின் சுட்டி, தேதி, வினையின் நிலை (முடிந்தது, திட்டம், மறுப்பு) என்று கட்டங்கள் இருக்கும். மூல வாக்கியம் இல்லாத வரி பட்டியலில் ஏறாது.

சுருக்குவழி | இடுகை 19

கடைசியில் எல்லாவற்றையும் ஆள் பார்த்துச் சரிபார்க்கத்தான் வேண்டும் என்றால் கையாலேயே தட்டியிருக்கலாமே.

பழுப்புத்தாள் | இடுகை 20

எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. நெல்லை முதல் ஆறு மாதம் யாரும் தொடாமல் ஓடவிட்டார்கள். முக்கால்வாசி வகைகள் நன்றாக இருந்தன, கால்வாசி மோசம். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் ஒருவர் சுமார் ஐந்து நிமிடம் மேய்ந்து, கண்ணில் பட்ட தப்பைத் தூக்கினார்கள். அதற்கு ட்விட்டர் கணக்குகூட இருந்தது, தான் கற்றதைப் போட்டு 'சரியா' என்று மக்களிடம் கேட்கும். தப்பு சீக்கிரம் போனால் அது குட்டி போடாது, அவ்வளவுதான் தேவை. மொத்தம் நூறு அணை என்றால் உங்கள் கேள்வி நியாயம், தட்டிவிடலாம். ஏரி, கண்மாய் வரை போனால் தட்ட முடியாது.

கரையோரம் | இடுகை 21

ஏரிக்குப் போகும் எண்ணம் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பாடு. கடைசியாக ஒன்று. தடுப்பணை தனி வகை, கதவணை தனி வகை, இரண்டும் அணையோடு சேராது என்று விதி போட்டிருக்கிறேன். மாயனூர் கதவணையில் போய்விட்டது. கல்லணையை எதில் போடுவது?

டெல்டாக்காரன் | இடுகை 22

கதவணை என்று போட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் வராதீர்கள். அணை என்றே போடுங்கள், கொள்ளளவுக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். அது தேக்கி வைப்பதில்லை, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுவதுதான் வேலை. நிரல் எங்கிருந்தாவது ஒரு டி.எம்.சி. கணக்கு பிடித்துக்கொண்டு வந்தால் அந்த வாக்கியத்தை இங்கே ஒட்டுங்கள், எந்த அணையினுடையது என்று சொல்கிறேன்.